முதல் முறை கவுன்சிலிங் போகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. டோக்கன் போட்டு உட்கார வேண்டும். கூப்பிட்டதும் உள்ளே போய் ஸ்டூலில் அமர்ந்து ரெண்டு வரியில் சொல்ல வேண்டும். அவர் எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வர வேண்டும். எதிர்க்கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. மனநல ஆலோசகரிடமும் இதே பழக்கத்தோடு போனால் கொடுக்கிற காசில் பாதி வீண். அங்கே முக்கால்வாசி நேரம் பேசப் போவது நீங்கள்தான். "நீங்க சொன்னது எனக்கு ஒத்து வரலைங்க" என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான், அடுத்து என்ன செய்யலாம் என்று அவருக்கே தெரியும்.

நான் ஆலோசகன் அல்ல. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போய் வந்தவன். அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனவன். அவர்கள் எல்லோரும் கிளம்பும் முன் கேட்ட கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யாரிடம் போவது

போர்டில் "மனநலம்" என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் மூன்று வகையில் ஒருவர். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேல்படிப்பு படித்த டாக்டர். மாத்திரை எழுதுவார். ஆனால் மாலை நேரக் கிளினிக்கில் கூட்டம் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச அவரால் முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். பேச்சு வழியாகச் சிகிச்சை தருவதற்கும் மனநலச் சோதனைகள் செய்வதற்கும் பயிற்சி பெற்றவர் அவர். ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம், அந்தக் கழகத்தின் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது வகை கவுன்சிலர். எம்.எஸ்சி. சைக்காலஜியோ, எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி மேல்படிப்போ படித்து, பல வருட அனுபவத்தோடு அருமையாக வேலை செய்கிறவர்கள் இதில் உண்டு. சில வார வகுப்புக்குப் போய் வந்த சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. கவுன்சிலர் என்று போர்டு வைக்க நம் நாட்டில் நீண்ட காலம் எந்த லைசென்ஸும் தேவைப்படவில்லை. 2021-ல்தான் அதையும் உள்ளடக்கிய சட்டம் வந்தது. ஆகவே, என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார், உங்கள் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களை முன்பு பார்த்திருக்கிறாரா என்று கேட்பது தப்பே இல்லை. ஒழுங்காகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாள் கணக்கில் தூக்கமே இல்லை, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்வதாகப் பயம், சாப்பாடு இறங்காமல் உடம்பு மெலிகிறது என்றால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். தினமும் அதிகமாகக் குடிப்பவர் நிறுத்த நினைத்தாலும் முதலில் டாக்டர்தான், ஏனென்றால் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். படபடப்பு, துக்கம், குடும்பச் சச்சரவு, பரீட்சைப் பயம், வேலை மன உளைச்சல், பழைய காயங்கள் என்றால் சைக்காலஜிஸ்ட்டிடமோ கவுன்சிலரிடமோ நேராகவே போகலாம். சோர்வும் படபடப்பும் மட்டும் என்றால் தைராய்டு, ரத்தசோகை சோதனையை முன்பே செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கே போவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பேச்சு சிகிச்சை தருபவர்கள் குறைவு. ஓசூரில் கொஞ்சம் கூடுதல். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40. பெரிய ஊரில் பெரிய பெயர் எடுத்தவரிடம்தான் போவேன் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கவுன்சிலிங் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை, வாரா வாரம் போக வேண்டும். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்கு வாரம் ஒரு முறை போய் வருவேன் என்பவர் மூன்றாம் வாரம் நின்றுவிடுவார். கிருஷ்ணகிரிக்கு ரயிலும் கிடையாது, எல்லாம் பஸ்தான். போய் வர அரை நாளுக்குள் முடிகிற இடத்தில், சுமாராகத் தகுதியுள்ளவர் ஒருவர் இருந்தால் அவரே மேல் என்பது என் கருத்து. நோய் முற்றியிருக்கிறது, இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மட்டும் பெங்களூரில் இருக்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ். ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் போகிற அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. தமிழ் பேசுகிற நோயாளிகள் அங்கே புதிதல்ல.

ஆன்லைனில் பேசுவதும் ஒரு வழி. சிக்னல் கிடைப்பதைவிடத் தனியாக ஓர் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரே ஹாலில் ஐந்து பேர் தூங்கும் வீட்டில் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, தோட்டத்து மோட்டார் ரூம், ஓரமாக நிறுத்திய கார் என்று பலரும் இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதை ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சின் நடுவில் யாராவது வந்துவிட்டால் என்ன சொல்லி நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

கையில் காசு இல்லை என்றால் தனியார்தான் வேண்டும் என்று அடம் வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்த நாள் என்று அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண் இது) எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று இப்போதே தோன்றினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஃபோனில் கேட்டுவிட வேண்டியவை

முதல் ஃபோன் பெரும்பாலும் ரிசப்ஷனில் இருக்கும் பெண் எடுப்பார். "என்ன பிரச்சினைங்க?" என்று கேட்பார். கதை முழுக்க அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. "தூக்கம் சரியில்லைங்க, மத்ததை அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்" என்றால் போதும்.

அப்புறம் நீங்கள் கேட்க வேண்டும். ஒரு செஷன் எவ்வளவு நேரம்? பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். பத்து நிமிடம்தான் என்றால் அது மாத்திரை எழுதும் கிளினிக், கவுன்சிலிங் இல்லை. ஃபீஸ் எவ்வளவு, ஒவ்வொரு முறையும் அதே தொகையா, முதல் தடவைக்கு மட்டும் கூடுதலா? பெங்களூரில் ஒரு செஷனுக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை வாங்குவது சாதாரணம், அதைத் தாண்டியும் உண்டு. நம் ஊர்ப்பக்கம் இதைவிடக் குறைவாக எதிர்பார்க்கலாம். வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன்பு சொல்ல வேண்டும்? 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லாவிட்டால் பணம் தர வேண்டும் என்று பலர் விதி வைத்திருப்பார்கள். நமக்கு அது அநியாயமாகத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை அவர் வேறு யாருக்கும் தராமல் உங்களுக்காக வைத்திருந்தார் என்பதால் வாங்குகிறார்.

மொழியைக் கட்டாயம் கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டு வெளியே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. கோபமும் அழுகையும் வரும்போது வாயில் வருவது வீட்டு மொழிதான். அது தெரிந்தவர் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

பணக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். ஃபீஸ் மட்டும் செலவு இல்லை. பஸ், சாப்பாடு, அரை நாள் கூலி எல்லாம் சேரும். இரண்டு மாதத்துக்குத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் ஃபோனிலேயே சொல்லுங்கள். "வாரா வாரம் முடியாதுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு வழி சொல்வார்கள். இன்ஷூரன்ஸை நம்பி இறங்காதீர்கள். உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், கவுன்சிலிங் ஃபீஸைத் தராது. ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்கலாம். சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு இலவசக் கவுன்சிலிங் ஏற்பாடு செய்திருக்கும். அங்கே பேசுவது எச்.ஆர். வரைக்கும் போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பேசுங்கள்.

யாராவது பார்த்துவிட்டால்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தர்மபுரி நான்கு ரோட்டில் பஸ் இறங்கி நடந்தால் பத்து அடிக்கு ஒருவர் "எங்க இந்தப் பக்கம்?" என்பார். கிளினிக் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் அன்று சாயந்திரமே ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் சும்மா வருவது இல்லை. பெண் பார்க்க வருகிற வீடுகளில் இது பேச்சாவதும் உண்மை. பல் டாக்டர், தோல் டாக்டர் என்று பலரும் இருக்கும் கட்டடத்தில் இருக்கிற கிளினிக்காகப் பார்த்துக்கொள்வது, கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்பது, பக்கத்து ஊரில் பார்த்துக்கொள்வது எல்லாம் நியாயமான ஏற்பாடுகளே. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆலோசகர் பக்கத்திலிருந்து பாதுகாப்பு என்ன? 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை உங்கள் உரிமை என்கிறது. உங்கள் மாமா போன் செய்து "பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டால் அவர் சொல்லக்கூடாது. ஃபீஸ் கட்டுகிற கணவர் கேட்டாலும் கூடாது. ஆனால் இதற்கு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், அவர் பேசலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். சிறுவயதுக் கல்யாணம் இன்னும் நடக்கிற மாவட்டங்கள் நம்முடையவை, ஆகவே இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். முதல் செஷனிலேயே "எதெல்லாம் வெளிய சொல்வீங்க?" என்று கேட்டுவிடலாம். நல்லவர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஒரு பயம் இன்னும் இருக்கிறது. எண்ணத்தைச் சொல்வது எப்போதும் குற்றம் ஆனதில்லை. முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. அதனால் அவர் "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம். "எந்த ஊருங்க, யாரு வீடு?" என்று நம் ஆட்கள் ஆரம்பித்தால் கடைசியில் சாதியில் போய் நிற்கும். ஆலோசகர் அப்படிக் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் அவர் உங்களுக்கு எங்கோ சொந்தம், உங்கள் பிள்ளைக்கு டீச்சர், பங்காளி வீட்டுக்குச் சம்பந்தி என்று தெரிந்தால் உடனே சொல்லிவிட்டு வேறு ஆளைக் கேளுங்கள். தெரிந்தவரிடம் போனால் நன்றாகப் பார்ப்பார் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கடைவீதியில் எதிரே வந்தால் அவர் உங்களைக் கண்டுகொள்ளாமல் போவார். அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு இருப்பவர் "இவங்க யாரு?" என்று கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்கிறார். நீங்களாக வணக்கம் சொன்னால் அவரும் சொல்வார். மாம்பழ சீசனில் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும், வற்புறுத்த வேண்டாம்.

முதல் நாள்

பழைய மருந்துச் சீட்டு, ரத்தச் சோதனை முடிவு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒரு சின்ன நோட்டு. இவ்வளவு போதும். நாட்டு மருந்து, சித்த மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள். கோயிலில் மந்திரித்தது, தர்காவில் கயிறு கட்டியது, குறி கேட்டது எதையும் மறைக்க வேண்டாம். அனுபவமுள்ள ஆலோசகருக்கு அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும். "அங்க போகாதீங்க" என்று அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கோயிலுக்கும் போங்கள், இங்கேயும் வாருங்கள். கட்டிப் போட்டு வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது மாதிரி எதுவும் நடந்திருந்தால் மட்டும் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல் படிவம் தருவார்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், புரியாத இடத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

முதல் செஷன் பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடி, புகை, கல்யாணம், கடன், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார். சிலர் ஒரு தாளில் உங்கள் குடும்பத்தையே வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நடுவே கோடு. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் அங்கே இரட்டைக் கோடு வரும். நம் குடும்பங்களை வரைந்தால் தாள் முழுக்க இரட்டைக் கோடாகிவிடுவது உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலர் ஒரு கேள்வித்தாளும் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள் இருக்கும், 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் தாள் அது. பரீட்சை மாதிரி நல்ல மார்க் எடுக்க முயற்சி செய்யாமல் உள்ளபடி நிரப்புங்கள். இரண்டு மாதம் கழித்து அதே தாளைத் திரும்ப நிரப்பும்போதுதான் அதன் பயன் தெரியும்.

கூட வந்தவர்கள் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கவுன்சிலிங்குக்கு யாரும் தனியாக வருவதில்லை. அம்மா, அண்ணன், சில சமயம் மாமியார், எதிர்வீட்டு அத்தை வரைக்கும் வந்து உட்கார்வார்கள். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் ஆலோசகருக்குத் தேவைதான், ஆனால் உங்களுக்குத் தனி நேரம் வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் "எனக்குத் தனியாப் பேச நேரம் வேணுங்க" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். வெளியே இருங்கள் என்று சொல்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொள்வார்.

அழுகை வந்தால் அழுங்கள், மேஜையில் டிஷ்யூ வைத்திருப்பதே அதற்குத்தான். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் பதறி எதையாவது சொல்லி நிரப்ப வேண்டாம். உங்களுக்கு நேரம் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

முடிந்து வெளியே வரும்போது தலை கனக்கும், சோர்வாக இருக்கும். நெடுஞ்சாலையில் பைக் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் உடனே கிளம்பாமல் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நைட் ஷிஃப்ட் இருக்கிற நாளில் செஷன் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வாரங்கள்

இரண்டு மூன்று செஷன் ஆனதும் பலருக்கு வரும் சந்தேகம்: "பேசிட்டு வர்றேன், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரே." வீட்டில் பெரியவர்கள் புத்தி சொல்வது போல அவர் சொல்ல மாட்டார். விவாகரத்து செய்யலாமா, வேலையை விடலாமா, தனிக்குடித்தனம் போகலாமா என்று கேட்டால் பதிலுக்கு உங்களையே கேட்பார். எரிச்சலாக இருக்கும். முடிவை எடுத்துவிட்டு அதோடு வாழப்போவது நீங்கள் என்பதால்தான் அப்படி. ஆனால் பயம் எப்படி வேலை செய்கிறது, தூக்கத்தை எப்படிச் சரி செய்வது, படபடப்பு வரும்போது என்ன செய்வது மாதிரி விஷயங்களில் அவர் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். அதுவும் இல்லாமல் வெறுமனே தலையாட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது: "நாம எதை நோக்கிப் போறோம், எப்படிப் போறோம்னு சொல்லுங்க."

வீட்டுப் பாடம் தருவார்கள். எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்குகிற, அதிகம் கேள்விப்படுகிற சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை முறையில் இது கட்டாயம் இருக்கும். படபடப்பு வந்தபோது எங்கே இருந்தீர்கள், மனதில் என்ன ஓடியது, உடம்பில் என்ன ஆனது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று எழுதி வரச் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு அடைக்கிறது என்பவரை முதல் வாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகச் சொல்வார், அடுத்த வாரம் ஏறி ஒரு ஸ்டாப்பில் இறங்கச் சொல்வார், அப்புறம் காவேரிப்பட்டினம் வரைக்கும். பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வழி இது, பார்க்க அற்பமாகத் தெரியும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு போகலாம். நோட்டை வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், வேறு வழி யோசிப்பார்.

பாடத்தைச் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். பள்ளிக்கூட ஞாபகத்தில் பலர் கிளினிக் வாசலில் உட்கார்ந்து ஒரு வாரக் கதையை ஐந்து நிமிடத்தில் எழுதுகிறார்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதிலேயே பேச நிறைய இருக்கும்.

"சரிங்க டாக்டர்" பழக்கத்தால் அதிகம் கெடுவது இந்தக் கட்டம்தான். அவர் சொன்ன ஒரு வார்த்தை உங்களைக் குத்தியிருக்கும். நம் வீட்டு நிலைமை தெரியாமல் "மாமனார்கிட்ட நேராப் பேசிடுங்க" என்று சொல்லியிருப்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வருவீர்கள். அப்புறம் அடுத்த வாரம் தலைவலி, அதற்கடுத்த வாரம் விசேஷம் என்று நின்றே போவீர்கள். அதற்குப் பதிலாக அடுத்த முறை உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். நேரில் வாய் வராதா, தாளில் எழுதிக் கொடுங்கள். பெரியவரிடம் "முடியாது" என்று சொல்லிப் பழகாதவருக்கு அதைச் சொல்லிப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. இப்படி ஒரு முறை சொன்ன பிறகுதான் கவுன்சிலிங் சூடுபிடித்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

பழையதைக் கிளறும்போது சில வாரம் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கலாம். தாங்கக்கூடிய அளவா என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள், தாங்கவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு சி.பி.டி. பொதுவாக 12 முதல் 20 செஷன் வரை போகும். சின்னப் பிரச்சினை அதற்கு முன்பே முடியும், சிறுவயதுக் காயங்கள் நீளும். ஆறு, எட்டு செஷன் ஆகியும் இம்மி அளவும் மாற்றம் இல்லை என்றால் அதை மேஜையில் வைத்துப் பேச வேண்டும்.

மாத்திரையும் சேர்த்து எடுக்கச் சொன்னால் கவுன்சிலிங் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

ஒத்துவராமல் போவது வேறு, தப்பு நடப்பது வேறு. ஒத்துவராவிட்டால் மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு, சொல்லிவிட்டு மாறலாம். வேறு யாரைப் பார்க்கலாம் என்று அவரிடமே கேட்கலாம்.

ஆனால் சில இடங்களில் இரண்டாவது வாய்ப்பே தர வேண்டாம். முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லி 20 செஷனுக்கும் முன்பணம் கட்டச் சொன்னால், நூற்றுக்கு நூறு குணம் என்று உத்தரவாதம் தந்தால், பெயர் எழுதாத மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தந்தால், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கப் பொடி தந்தால் கிளம்பிவிடுங்கள். உடம்பைத் தொட்டால், கடன் கேட்டால், இரவில் சம்பந்தமில்லாமல் மெசேஜ் அனுப்பினால், தன் மதத்துக்கு இழுத்தால், இன்னொரு நோயாளியின் கதையை ஊர் பெயரோடு உங்களிடம் சொன்னாலும் அப்படித்தான். உங்கள் கதையும் நாளைக்கு இன்னொருவருக்குப் போகும். தன்பாலின ஈர்ப்பை "மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்படிப்பட்ட சிகிச்சை முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடை செய்துவிட்டது. புகார் தர வேண்டுமென்றால் டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேல் ஆர்.சி.ஐ.யிலும் தரலாம். ரசீதும் மெசேஜும் கையில் இருக்கட்டும்.

நிறுத்துவது

நம் ஆட்கள் கவுன்சிலிங்கை முடிப்பதில்லை, போகாமல் விட்டுவிடுகிறார்கள். காசு தீர்ந்துவிட்டது, பரவாயில்லை என்று தோன்றுகிறது, மா அறுவடை வந்துவிட்டது என்று காரணம் எதுவானாலும் கடைசியாக ஒரு செஷன் போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். திரும்ப வந்தால் எந்த அறிகுறி முதலில் தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை என்பதை மாதம் ஒரு முறை ஆக்கி, மெதுவாக விடுவது இன்னும் நல்லது.

வேலைக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ மாறிப் போகிறவர்கள், இதுவரை என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று ஒரு பக்கச் சுருக்கக் கடிதம் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையையும் 2017 சட்டம் தருகிறது. கடைசி நாளில் கேட்டால் அவசரத்தில் நாலு வரிதான் கிடைக்கும், ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.